எண்ணெய் குடிக்கும் செடி

எங்கள் எண்ணெய்க் கிடங்கின் பின்பக்கம் ஒரு நிலம் இருக்கிறது. அதில் செருப்புப் போட்டு நடந்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும், கால் மட்டும் முன்னால் போகும். டேங்குகளின் அடித்தகடு அரித்துப்போய், வருஷக்கணக்காக எண்ணெய் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. இது யாருக்குமே தெரியாமல் நடந்துவிட்டது என்று ஆபீசில் சொல்வார்கள். எங்களுக்குத் தெரியும். அந்த மண்ணின் மேல்தான் கம்பெனி எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுத்திருந்தது.

முதலில் குளியலறைத் தரை வியர்த்தது. தண்ணீர் என்று நினைத்து என் மனைவி துணியால் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போட்டாள். துணி குப்பென்று பற்றிக்கொண்டது. அதற்கப்புறம் மகளுக்குப் பாதத்தில் புண். மருந்து போட்டால் ஆறும். வீட்டுக்குள் நாலு நாள் நடந்தால் திரும்ப வரும். "குழந்தையைத் தரையில விடாதீங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தரையில் விடாமல் வேறு எங்கே விடுவது, கூரையிலா? கடைசியில் கம்பெனியே வந்து எங்களைக் கிளப்பிவிட்டு வீடுகளை இடித்தது. மண் சுத்தமானதும் அதே இடத்தில் புது வீடு, பழைய ஆட்களுக்குத்தான் முதல் உரிமை என்று மேனேஜர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அதுவரை மச்சான் வீடு.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பஸ் கண்டக்டர். நல்ல மனுஷன். ஆனால் வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். ஒற்றை அறையும் ஒரு நடையும் உள்ள வீடு. நாங்கள் மூன்று பேரும் நடையில், பீரோவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் படுப்போம். காலையில் அவர் பின்கதவுப் பக்கம் போகும்போதெல்லாம், "நடுவுல நிக்காதீங்க, உள்ள நகருங்க, உள்ள நகருங்க" என்பார். உள்ளே என்று ஒன்று இருந்தால் நகரமாட்டோமா? மகளுக்குப் படிக்க மேசை கிடையாது. துணி துவைக்கிற மெஷினின் மூடிதான் மேசை. மெஷின் ஓடும் நாளில் அவள் எழுதும் பாடத்தைப் பார்த்தால் எழுத்தெல்லாம் குளிரில் நடுங்குவது போல இருக்கும். "வீட்ல யாருக்காவது கை நடுக்கம் இருக்கா?" என்று டீச்சர் கேட்டு அனுப்பினார்களாம்.

"புது வீட்ல அடுப்பு ஜன்னலுக்குக் கீழ" என்று என் மனைவி அடிக்கடி சொல்லுவாள். வீடே இல்லை. ஜன்னல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை.

அப்போதுதான் செடி டாக்டர் வந்தாள். மண்ணைச் சுத்தம் பண்ண வழி சொல்லக் கம்பெனி கூப்பிட்ட பல்கலைக்கழகத்துப் பெண். டாக்டர் என்றாலும் ஊசி போடமாட்டாள். தலையில் பெரிய தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வந்ததும் வராததுமாக எங்கள் நிலத்து மண்ணை ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இங்க வெட்டிவேர் நடலாம்" என்றாள். "புல்லு மாதிரிதான் இருக்கும். வேர் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல கீழ போகும்."

"அது எண்ணெயைக் குடிச்சிடுமா?" என்றார் மேனேஜர்.

"புல்லு குடிக்காது சார். வேரைச் சுத்திக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்க இருக்கும். அதுங்கதான் எண்ணெயைத் தின்னும். புல்லு அதுங்களுக்கு இடம் குடுத்து, காத்து குடுத்து, வளத்து வெச்சுக்கும்."

"வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க" என்றேன் நான், சும்மா இருக்க முடியாமல்.

"ஆமாண்ணே, நல்ல வீட்டுக்காரர்" என்று சிரித்தாள்.

எனக்கு மச்சான் ஞாபகம் வந்தது.

"எவ்வளவு நாள் ஆகும்?" மேனேஜருக்கு எதிலும் அந்த ஒரு கேள்விதான். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே சீக்கிரம் சார். டீ கொண்டு வந்தாலும் சீக்கிரம், டீ கிளாஸை எடுத்துப்போக வந்தாலும் சீக்கிரம்.

"மூணு வருஷமாவது ஆகும். நடு நிலத்துக்கு இன்னும் கூட ஆகலாம்."

"உரம் ரெண்டு பங்கு போட்டா?"

"அதுங்களுக்கு வயிறு ஒண்ணுதான் சார்."

மேனேஜர் எங்கள் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி எதற்கும் தலையாட்டுகிறவர். ஆனால் அந்த நேரத்தில் யாருக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் வட்டமாக ஆட்டினார்.

நட்டோம். டேங்க் கழுவிக்கொண்டிருந்த எங்களில் சிலரைச் செடி வேலைக்கு மாற்றினார்கள். குழி போட்டால் மண்வெட்டியில் கறுப்புக் களி ஒட்டிக்கொண்டு வரும். அதை வழிக்கவே பாதி நேரம். குழியில் கொஞ்சம் மக்கு எரு, அப்புறம் புல். மழைக்காலம் வருவதற்குள் ஓரத்துப் புல்லெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக எப்படியோ பிடித்துக்கொண்டது. நடு நிலத்தில் பெரும்பாலும் கருகிவிட்டது.

டாக்டர் வந்து குனிந்து குனிந்து பார்த்தாள். "பாதிதான் செத்திருக்கு! ரொம்ப நல்லா இருக்கே!" என்றாள்.

மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பாதி செத்ததற்குச் சந்தோஷப்படும் ஒரு டாக்டரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"உயிரோட இருக்கிற பாதி உறுதியான செடி சார். அதுல இருந்து பிரிச்சு எடுத்து, செத்த இடத்துல நட்டுக்கிட்டே போகணும். யாரும் அவசரப்படாதீங்க. எனக்குக் காலேஜ்ல பரீட்சை வேலை இருக்கு. மழை முடிஞ்சதும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகுதான் தலைமை ஆபீசிலிருந்து சேதி வந்தது. கம்பெனியின் பெரியவர் வருகிறாராம். செடி வைத்து மண்ணைச் சுத்தம் பண்ணுகிற அதிசயத்தை நேரில் பார்க்க வேண்டுமாம். கூடவே மண்ணைப் பரிசோதிக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.

மேனேஜர் நிலத்தின் ஓரமாக நின்று நடு நிலத்தைப் பார்த்தார். மொட்டைத்தலையில் அங்கங்கே முடி முளைத்தது போல இருந்தது.

"பெரியவர் இதைப் பார்த்தா என்ன நினைப்பார்? பூ எங்க? பச்சை எங்க?"

"டாக்டரம்மா பூவைப் பத்திச் சொல்லவே இல்லீங்களே" என்றேன்.

"அவங்க டாக்டர். நான் மேனேஜர்."

நர்சரியிலிருந்து ஒரு லாரி நிறையப் பூச்செடி வந்து இறங்கியது. சிவப்பு, மஞ்சள், ஊதா. நட்டோம். செடிகள் ஒரு வாரம் மரியாதைக்கு நின்றன. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. மேனேஜர் தினமும் காலையில் வந்து செத்ததை எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு சாயும்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. அதை அவர் சொன்ன விதம் எனக்கு இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது.

"ஏம்ப்பா, செடி ஏன் சாகுது?"

"மண்ணு ஒத்துக்கலீங்க."

"மண்ணைத் தொடுறதாலதானே சாகுது?"

"ஆமாங்க."

"அப்ப ஏன் தொட விடுறீங்க?"

மேஸ்திரி உடனே தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. மண்ணைச் சுத்தம் பண்ண வந்த செடி, மண்ணைத் தொடக்கூடாது. நீச்சல் கற்றுக்கொள்ள வந்தவனைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது போல.

மறுநாள் பிளாஸ்டிக் தொட்டிகள் வந்தன, பெரியதாக, அகலமாக, ஒரு பிள்ளையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம் என்கிற அளவில். கூடவே வேறு எங்கிருந்தோ நல்ல செம்மண். தொட்டிக்குள் செம்மண், செம்மண்ணில் பூச்செடி. அந்தத் தொட்டியைக் கறுப்பு மண்ணுக்குள் விளிம்பு வரை புதைத்து, விளிம்பு தெரியாமல் மேலே செம்மண் தூவிவிட வேண்டும். தொட்டிக்கும் தொட்டிக்கும் இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டிப் புதைத்தோம். நடு நிலம் முழுக்கத் தொட்டி. உயிர் பிழைத்திருந்த வெட்டிவேரில் நடுவில் இருந்ததை, பூவை மறைக்கிறது என்று பிடுங்கச் சொன்னார்கள். பிடுங்கியதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பின்சுவர் ஓரமாக, பழைய டேங்கின் நிழலில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் ஊன்றி வைத்தேன்.

"வாத்தியாரே, போர்டு எழுதணுமாம்" என்றார் மேஸ்திரி. நாலு எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் கற்றுக்கொண்டது தலை நரைத்த பிறகு. அதனால் எழுத்தைப் பெரிதாகப் போட்டால்தான் எனக்குத் திருப்தி. 'எண்ணெய் குடிக்கும் செடி' என்று பலகையில் எழுதினேன். கடைசி எழுத்துக்கு இடம் இல்லை. அது மட்டும் கீழே இறங்கி ஓரமாக நின்றது, மச்சான் வீட்டில் நான் நிற்பது போல.

பெரியவர் வந்தார். வயசானவர், சிரித்த முகம். பூக்களைப் பார்த்து, "அடடா! இத்தனை எண்ணெயைக் குடிச்சிட்டும் எவ்வளவு செழிப்பா இருக்கு பாருங்க!" என்றார்.

"எண்ணெய்தான் சார் இதுக்கு உரமே" என்றார் மேனேஜர்.

பரிசோதிக்கிறவர் ஒரு இரும்புக் குழாயை எடுத்தார். மண்ணில் குத்தித் திருகினால் உள்மண் குழாய்க்குள் ஏறிவரும். "எங்க குத்தட்டும்?" என்றார். "எங்க வேணும்னாலும் குத்துங்க சார், ஒளிவு மறைவே கிடையாது" என்று மேனேஜர் அவரை நடு நிலத்துக்கு நடத்திக்கொண்டு போனார். குழாய் செம்மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு முழம் போனதும் டொக் என்று சத்தம்.

"என்ன இது, பாறையா?"

"வேர் சார்" என்றார் மேனேஜர். "கெட்டி வேர்."

இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் டொக்.

"எல்லா வேரும் ஒரே ஆழத்துல இருக்கே!"

"ஒழுங்கா வளர்த்திருக்கோம் சார்."

பரிசோதிக்கிறவர் மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. குழாயில் வந்த மண்ணைப் பைகளில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

முடிவு வந்தபோது கிடங்கே குதித்தது. மண் சுத்தம். சும்மா சுத்தம் இல்லை. பெரியவர் வீட்டுத் தோட்டத்து மண்ணைவிடச் சுத்தமாம். மூன்று வருஷ வேலையை ஒரே மழைக்காலத்தில் முடித்ததற்காக மேனேஜருக்குத் தலைமை ஆபீசில் சால்வை போட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் ஒரு வெள்ளி இலை ஒட்டியிருந்தது. வீடு கட்ட உத்தரவும் வந்தது. செடி வேலையில் முன்னால் நின்றவன் என்று முதல் வீடு எனக்கு. நடு நிலத்தில், பூக்களுக்கு நட்ட நடுவில்.

அன்று மச்சான் வீட்டு நடையில் என் மனைவி கால் நீட்டி உட்கார்ந்தாள். அந்த நடையில் கால் நீட்டினால் எதிர்ச்சுவர் இடிக்கும். அதையும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்தாள்.

"அண்ணா, இனிமே உன் பஸ்ல நாங்க இல்ல" என்றாள்.

"இறங்குறவங்கள முதல்ல இறங்க விடுங்க" என்றார் மச்சான். ஆனால் அவர் கண் கலங்கியது. அவர் பெண்டாட்டி கண் கலங்கவில்லை.

நான் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "அங்க தரை..." என்று ஆரம்பித்தேன்.

"தரைக்கு வெள்ளை டைல்ஸ் போடச் சொல்லணும்" என்றாள். "பாப்பா வெறுங்கால்ல ஓடட்டும். இனிமே அவளை யாரு தடுக்கப் போறா?"

மகள் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பழைய புண் இருந்த இடம் இன்னும் பளபளப்பாக இருந்தது. வீடு கிடைத்த சந்தோஷத்தை என் மனைவி இன்னும் ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளட்டும், காலையில் சொல்லலாம் என்று படுத்தேன். காலையில் அவள் எனக்கு முன்னால் எழுந்து, "வாங்க, இடத்தைக் காட்டுங்க" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் எங்களைப் பார்த்து, "வீட்டுக்காரம்மா வந்தாச்சா!" என்று சல்யூட் அடித்தான். அவள் பூக்களுக்கு நடுவில் நின்று, இது அறை, இது வாசல், இது பாப்பா படுக்கிற இடம் என்று அடி வைத்து அளந்தாள். அடுப்புக்கு ஜன்னல் இடமும் முடிவானது. அப்புறம் ஒரு சிவப்புப் பூச்செடியைப் பார்த்து, "இதை மட்டும் அண்ணன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். இத்தனை நாள் வெச்சுக் காப்பாத்துனதுக்கு" என்று குனிந்தாள்.

"வேண்டாம், அது..." என்றேன்.

அவள் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஆடியது. கூடவே பக்கத்து மண்ணும் ஒரு வட்டமாக ஆடியது. அவள் விரலால் செம்மண்ணைத் தள்ளினாள். பிளாஸ்டிக் விளிம்பு தெரிந்தது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, உன்னித் தூக்கினாள். உறிஞ்சுகிற ஒரு சத்தத்தோடு தொட்டி வெளியே வந்தது. அது இருந்த குழியில், சுவரிலிருந்து கறுப்பு நீர் மெல்லக் கசிந்து அடியில் சேர்ந்தது. மேலே வானவில் மாதிரி நிறங்கள் ஓடின. பழைய வீட்டுக் குளியலறையின் அதே வாடை.

அவள் பக்கத்துச் செடியை ஆட்டிப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் உள்ளதையும் ஆட்டினாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"நீங்களா புதைச்சீங்க?"

"நானும்தான்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். குழியைக் காட்டி, "இது பாப்பா படுக்கிற இடம்" என்றாள்.

"வீடு வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாம்."

"நாம வேண்டாம்னா வேற யாரையாவது குடி வெப்பாங்க. அவங்க வீட்லயும் பாப்பா இருக்கும்." முந்தானையால் கையைத் துடைத்தாள். கறுப்பு போகவில்லை. "மேனேஜருக்கு இது தெரியுமா?"

"அவர் யோசனைதான்."

"அப்ப நல்லது" என்றாள்.

எது நல்லது என்று எனக்கு விளங்கவில்லை. தொட்டியைத் திரும்பக் குழியில் இறக்கி, விளிம்பில் செம்மண்ணைப் பரப்பி, கையால் தட்டிச் சமப்படுத்திவிட்டு எழுந்தாள். என்னைவிட அழகாகவே புதைத்தாள்.

அடிக்கல் நாட்டும் நாள் வந்தது. நிலத்தின் ஓரமாகப் பந்தல், நாற்காலி, மைக். பெரியவர் மறுபடி வந்திருந்தார். குடி வரப்போகிற குடும்பத்திலிருந்து ஒருத்தர் பேசினால் நன்றாக இருக்கும் என்று மேனேஜர்தான் ஏற்பாடு செய்திருந்தார். என்ன பேச வேண்டும் என்றும் அவரே சொல்லிக் கொடுத்திருந்தார். "செடிகளுக்கு நன்றி, கம்பெனிக்கு நன்றி. அவ்வளவுதான்ம்மா. சீக்கிரம் முடிச்சிடணும்."

மச்சான் லீவு போட்டு வந்திருந்தார். பந்தலில் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கு வாய் துறுதுறுத்தது. "ஒண்ணும் சொல்லாதீங்க மச்சான்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் மனைவி மைக் முன்னால் போய் நின்றாள். பாப்பா அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"செடிகளுக்கு நன்றி. கம்பெனிக்கு நன்றி" என்றாள்.

மேனேஜர் கை தட்ட ஆரம்பித்தார்.

"இன்னும் ஒண்ணு சொல்லணும்ங்க. நாங்க முன்னாடி இங்க இருந்தோம். என் பொண்ணு காலெல்லாம் புண்ணாச்சு. அதனால ஒரு சின்ன பயம் இருக்கு. படிக்காதவ பயம், பெரிசா எடுத்துக்காதீங்க. எங்க மேனேஜர் சார் இந்த மண்ணை அவர் கையால சுத்தம் பண்ணவரு. அவரும் இங்கயே எங்க பக்கத்து வீட்ல குடும்பத்தோட குடி வந்தார்னா, எங்க எல்லாருக்கும் தைரியமா இருக்கும். அவர் பேரப்பிள்ளையும் என் பொண்ணும் சேர்ந்து இந்தத் தரையில விளையாடட்டும்."

கூட்டம் தட்டியது பாருங்கள், பந்தலே ஆடியது. மேஸ்திரி எழுந்து நின்று தட்டினார்.

பெரியவருக்கு மனசு நிறைந்துவிட்டது. "அருமை! இதுவல்லவா முன்மாதிரி! மேனேஜர் பங்களாவைக் காலி பண்ணிடலாம். முதல் வீடு அவருக்குத்தான். நட்ட நடுவுல. நான் இப்பவே அறிவிக்கிறேன்" என்றார்.

மேனேஜர் தட்டிக்கொண்டிருந்த கை காற்றில் அப்படியே நின்றது.

"சார்..." என்றார். "ஒரு நிமிஷம் சார். இதுல... அவசரப்படக் கூடாது சார்."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதும் எங்கள் வரிசையில் ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது.

"ஏன்? மண்ணு சுத்தம்னு வந்திருக்கே?"

"மேல சுத்தம் சார். ரொம்ப சுத்தம். ஆனா ஆழத்துல... எண்ணெய் கூச்ச சுபாவம் சார். செடியைப் பார்த்ததும் கீழ ஒதுங்கியிருக்கலாம்."

"ஒதுங்குமா?"

"ஒதுங்கும் சார். அதைத் தொடர்ந்து போய்ப் பிடிக்கணும். நீள வேர் புல்லு வெச்சு... மூணு வருஷமாவது. நாலுகூட ஆகலாம். குழந்தைங்க சார்! குழந்தைங்க கால் பட வேண்டிய தரை!" அவருக்குக் குரல் உடைந்தது. அந்த நேரத்தில் அவர் நடிக்கவில்லை என்று நான் எந்தப் பலகையில் வேண்டுமானாலும் எழுதித் தருவேன். பேரப்பிள்ளையை நினைத்துக்கொண்டார்.

பெரியவர் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். "கையில கிடைச்ச பேரை விட்டுக் குடுத்து, மக்கள் பாதுகாப்பைப் பெரிசா நினைக்கிறீங்க பாருங்க!" அடுத்த மாசமே மேனேஜருக்கு இன்னொரு கேடயம். இந்தத் தடவை பொறுமைக்காக. அதில் இலை பொன்னிறம்.

அடிக்கல்லைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். நாங்கள் திரும்ப மச்சான் வீட்டுக்கு நடந்தோம். வீட்டில் மச்சானின் பெண்டாட்டி, எங்களை அனுப்பிவிட்டு நடையைக் கழுவி, பீரோவைத் தள்ளி, ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

"என்னாச்சு?" என்றாள்.

"வண்டி டிப்போவுக்குத் திரும்பிடுச்சு" என்றார் மச்சான். பீரோவை அவரே பழைய இடத்துக்குத் தள்ளினார். தள்ளிவிட்டு என் மனைவியைப் பார்த்து, "உள்ள நகரும்மா" என்றார். அதைச் சொன்ன குரல் வேறு மாதிரி இருந்தது.

பரீட்சை வேலை முடிந்து செடி டாக்டர் வந்து தொட்டிகளைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றி ஒரு தொட்டியின் மேல் வைத்துவிட்டு, நிலத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தாள். பின்சுவர் ஓரம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பழைய டேங்கின் நிழலில் வெட்டிவேர் என் இடுப்புக்கு மேல் நின்றது.

"இதை யாரு நட்டா?"

"போட இடமில்லாம ஊன்றி வெச்சதுதான் டாக்டரம்மா."

"இதுல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள்.

தொட்டிகளைத் தூக்கியதும் நிலம் முழுக்க வட்ட வட்டமாகக் குழி. புதுசாகக் குழி வெட்டுகிற வேலை மிச்சம் என்று மேஸ்திரி சந்தோஷப்பட்டார். எரு போட்டு மூடி, சுவரோரப் புல்லைப் பிரித்து நட ஆரம்பித்தோம். நடவு வேலைக்கு ஆள் போதாது என்று என் மனைவியையும் சேர்த்துக்கொண்டார்கள். மேனேஜர் தினமும் வந்து நிலத்தின் ஓரமாக நிற்கிறார். யாராவது வேகமாக நட்டால், "மெதுவா, மெதுவா" என்கிறார். நாங்கள் அவருக்கு வைத்த பெயரை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

நேற்று டாக்டர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். மற்ற இடமெல்லாம் ஒன்றுக்கு ஒன்று நல்ல இடைவெளி. அந்தச் சதுரத்தில் மட்டும் புல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"இங்க யாரு நட்டது?"

"நான்தான்" என்றாள் என் மனைவி. "அது பாப்பா படுக்கிற இடம். பக்கத்துல அடுப்பு."

டாக்டர் சிரிக்கவில்லை. "இவ்வளவு நெருக்கமா இருந்தா வேர் ஒண்ணோட ஒண்ணு முட்டும்மா."

"நெருக்கத்துல இருந்து பழகட்டும் டாக்டர். நாங்க இல்லையா?"

"ரெண்டே ரெண்டு மட்டும் எடுத்துடுங்க. மத்தது இருக்கட்டும்."

என் மனைவி குனிந்து ஒன்றைப் பிடித்து ஆட்டினாள். பக்கத்து மண் ஆடவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, அப்புறம்தான் விட்டது. தொட்டி வரவில்லை. வேர் மட்டும் வந்தது, கொத்தாக, கறுப்பு மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். அப்புறம் அதை ஊன்ற இடம் பார்த்துக்கொண்டு, வாசல் வரப்போகிற பக்கமாக நடந்தாள்.